சந்தா நின்ற பிறகு சைக்கிள்

2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஃப்ளைவீல் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் வீட்டுச் சைக்கிளை வாங்கியிருந்தவர்களுக்கு ஒரு தகவல் போனது. மார்ச் 27-ஆம் தேதியோடு வீட்டு வகுப்புகள் நின்றுவிடும் என்பது அதன் சாரம். வாங்கியவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை. போட்டி நிறுவனமான பெலோட்டன் 2018-இல் போட்ட காப்புரிமை வழக்கில், ஃப்ளைவீல் தன் மீறலை ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்திருந்தது. சைக்கிளில் ஒரு திருகுகூடத் தளரவில்லை, பெல்ட் தேயவில்லை. ஆனாலும் ஆயிரம் டாலருக்கு மேல் பெறுமான அந்தப் பொருள் எதற்காக வாங்கப்பட்டதோ, அந்த வேலை ஒரே நாளில் இல்லாமல் போனது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கப்பட்ட பெலோட்டன் சைக்கிளை வாங்கிக்கொள்ளலாம் என்று வழக்குப் போட்ட நிறுவனமே ஒரு சலுகையும் கொடுத்தது. கடையை மூட வைத்தவரே வாடிக்கையாளரைத் தன் கடைக்கு அழைத்துக்கொண்ட கதை இது.

வீட்டுக்குள் ஓட்டும் ஸ்மார்ட் சைக்கிள்களைப் பற்றிய விமர்சனங்கள் பெரும்பாலும் முதல் மாதத்தோடு முடிந்துவிடும். பெட்டி வந்தது, திரை பளிச்சென்று இருந்தது, சட்டை நனைந்தது, அவ்வளவுதான். ஐந்தாம் ஆண்டில் அது எப்படி ஓடும், ஏழாம் ஆண்டில் என்ன செலவு வைக்கும் என்பதே வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் பெலோட்டன் சைக்கிள்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது 2014-இல். பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் இப்போது இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச முடிகிறது. கருவியோடு சேர்ந்த சந்தா மட்டும் ஒரு கட்டத்தில் 30 லட்சத்தை எட்டிய நிறுவனம் பெலோட்டன் என்பதால் இந்தக் கட்டுரையும் அதைத்தான் அதிகம் சுற்றிவரும். இவ்வளவையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: இரும்பு நாம் நினைப்பதைவிட அதிக நாள் உழைக்கிறது. அதன் தலையில் மாட்டிய திரையும், மாதாமாதம் கட்டும் சந்தாவும், இரண்டுக்கும் பின்னால் நிற்கும் நிறுவனமும்தான் முதலில் மூப்படைகின்றன.

திரை இல்லாத காலத்துச் சைக்கிளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறிய ஜானி ஜி என்கிற ஜொனாதன் கோல்ட்பர்க், 1990-களில் ஸ்பின்னிங் வகுப்புகளைப் பரப்பினார். ஷ்வின் நிறுவனம் அவருடைய முறைக்கென்றே சைக்கிள் தயாரித்தது. கனமான முன்சக்கரம், அதை மேலிருந்து அழுத்தும் ஒரு பட்டை, இறுக்க ஒரு குமிழ். மின்சாரம் கிடையாது. பட்டை தேய்ந்தால் கழற்றிவிட்டு வேறொன்று போடுவார்கள். ஜிம்களில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வகுப்பு ஓடியும் அந்தச் சைக்கிள்கள் தாக்குப்பிடித்தன. 2012-இல் ஜான் ஃபோலியும் கூட்டாளிகளும் நியூயார்க்கில் பெலோட்டனைத் தொடங்கியபோது இதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் கிக்ஸ்டார்ட்டரில் 3 லட்சம் டாலருக்குச் சற்று மேல் திரட்டிய அவர்கள் சேர்த்த புதுமை, கைப்பிடிக்கு முன்னால் ஒரு பெரிய தொடுதிரை. அதில் பயிற்றுநர், பாட்டு, கூட ஓட்டுகிறவர்களின் தரவரிசை.

இன்னொரு மாற்றமும் உண்டு, அதிகம் பேசப்படாதது. உராயும் பட்டைக்குப் பதிலாகக் காந்தம் வந்தது. குமிழைத் திருப்பினால் காந்தங்கள் சக்கரத்தின் விளிம்பை நெருங்கும். சுழலும் உலோகத்தில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அது சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும். எதுவும் எதையும் தொடுவதில்லை என்பதால் அந்த இடத்தில் தேய்மானமே இல்லை. சங்கிலிக்குப் பதிலாக பெல்ட் என்பதால் எண்ணெய் போடும் வேலையும் மிச்சம். சுமார் 61 கிலோ எடையுள்ள எஃகுச் சட்டம் வீட்டு உபயோகத்தில் உடைவது அபூர்வம். நிறுவனமே சட்டத்துக்கு 5 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. திரைக்கும் மற்ற பாகங்களுக்கும் ஓராண்டுதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, செய்தவர்கள் எதை நம்பினார்கள், எதை நம்பவில்லை என்று தெரிந்துவிடும்.

தேய்வது பெரும்பாலும் கால் படும் இடமும் வியர்வை விழும் இடமும். பெடல்களை ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொல்லிப் பெலோட்டனே அறிவுறுத்துகிறது. நிறையப் பேர் மாற்றுவதில்லை. சுழல்கிற வரைக்கும் சரி என்று விட்டுவிடுகிறார்கள். பெடல் அச்சு உள்ளே களைத்துப்போவது வெளியே தெரியாது. 2020 அக்டோபரில் சுமார் 27,000 சைக்கிள்களின் பெடல்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. 2013-க்கும் 2016-க்கும் இடையே விற்றவை அவை. அச்சு ஒடிந்ததாக 120 புகார்கள், அவற்றில் 16 பேருக்குக் காலில் காயம். திரும்பப் பெற்றபோது அந்தச் சைக்கிள்களை வாங்கி நாலாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் முறிந்தால், நிற்காத கிராங்க் கெண்டைக்காலைக் கிழித்துக்கொண்டு போகும். சாலையில் ஓடும் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும். இதில் அப்படியில்லை. சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும், குமிழை அழுத்தினால்தான் நிற்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

வியர்வை மெதுவாக வேலை செய்யும் எதிரி. முக்கால் மணி நேரம் ஓட்டுகிறவரின் முகத்திலிருந்தும் முன்கையிலிருந்தும் சொட்டுவது கைப்பிடித் தண்டு வழியாக இறங்கி, தண்டு சட்டத்துக்குள் நுழையும் இடத்தில் தேங்கும். தண்ணீர் உலர்ந்துவிடும், உப்பு உலராது. முதலில் பெயின்ட் கொப்புளம் விடும், பிறகு துரு. அதற்குப் பிறகு உயரத்தை மாற்றும் திருகு அசைய மறுக்கும். கணவன் மனைவி இருவரும் ஓட்டும் வீட்டில் தினம் உயரம் மாற்றுவதால் இது சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். ஒரே ஆள் ஓட்டும் வீட்டில் மூன்றாண்டு கழித்து விற்கப்போகும்போதுதான் தெரியவரும். மருந்து எளிது: ஓட்டி முடித்ததும் ஈரத் துணியால் துடைப்பது, மாதம் ஒருமுறை திருகுகளைக் கழற்றித் துளி கிரீஸ் தடவுவது. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'டிக்' என்று ஓர் ஒலி வந்தால் உடனே பேரிங் போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். முதலில் பெடலையும் கிராங்க் திருகையும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இரும்பு உழைக்கும் என்று சொன்னேன். அதற்கு ஒரு பெரிய விலக்கும் இருக்கிறது. 2023 மே மாதம், 2018 முதல் விற்ற சுமார் 22 லட்சம் சைக்கிள்களின் சீட் தண்டை மாற்றித் தருவதாக பெலோட்டன் அறிவித்தது. ஓட்டும்போதே தண்டு முறிந்ததாக 35 புகார்கள் வந்திருந்தன, 13 பேருக்குக் காயம். 22 லட்சத்தில் 35 என்பது சிறிய எண்தான். ஆனால் உட்கார்ந்திருக்கும் இடமே திடீரென்று சரிவது சிறிய விஷயமில்லை. 2025 நவம்பரில் பைக் பிளஸ் என்ற விலை கூடிய மாடலுக்கும் இதே கதை: அமெரிக்காவில் மட்டும் சுமார் 8,33,000 சைக்கிள்கள், தண்டு முறிந்ததாக 3 புகார்கள். மாற்றுத் தண்டு இலவசமாக வீட்டுக்கே வரும், நாமே மாட்டிக்கொள்ளலாம். கேட்டு வாங்காமல் பழைய தண்டிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கைமாறிய சைக்கிளின் புது உரிமையாளருக்கு இந்த அறிவிப்பு போய்ச் சேர்வது நிச்சயமில்லை.

திரையில் தெரியும் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது ஆண்டுகள் கூடக்கூட முளைக்கும் கேள்வி. முதல் மாடலில் காலின் பலத்தை நேரடியாக அளக்கும் கருவி ஏதும் இல்லை. காந்தம் எவ்வளவு நெருங்கியிருக்கிறது, பெடல் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டையும் வைத்துக் கணக்கிட்டுத்தான் திரை 'வாட்' என்று ஓர் எண் காட்டுகிறது. காந்தத்தின் இருப்பிடம் தொழிற்சாலையில் வைத்த புள்ளியிலிருந்து நூலளவு நகர்ந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். அதனால்தான் ஒரே மாடல் சைக்கிள் இரண்டில் ஒரே ஆள் ஓட்டினால் ஒன்றில் சிங்கம், இன்னொன்றில் சோனி. ஒரு வட்டும் ஓர் ஆப்புமாக வரும் சிறு கருவியைச் சக்கரத்துக்கும் காந்தத்துக்கும் இடையே செருகி இதைச் சரிசெய்யலாம். சரிசெய்த மறுநாள் தரவரிசையில் ஆயிரம் இடம் பின்தங்கிவிட்டோம் என்று மனம் உடைந்தவர்கள் உண்டு. பைக் பிளஸ் மாடலில் மோட்டார் வைத்து இந்த வேலை தானாகவே நடக்கும்படி செய்திருக்கிறார்கள். எண் ஒழுங்காகிவிட்டது, பழுதாக இன்னொரு பாகமும் கூடிவிட்டது. நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறவருக்கு நான் குமிழும் கம்பியுமான பழைய மாடலைத்தான் சொல்வேன். ஊரோடு போட்டி போட்டால்தான் அந்த எண் ஏமாற்றும். போன மாத நம்மோடு ஒப்பிட்டுக்கொள்ள அதுவே போதும்.

இனி பணக் கணக்கு. 2019 ஜனவரியில் ஒருவர் சுமார் 2,245 டாலர் கொடுத்து சைக்கிள் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது மாதச் சந்தா 39 டாலர். 2022 ஜூனில் அது 44 ஆனது, 2025 அக்டோபரில் 49.99. விடாமல் கட்டியிருந்தால் 2023 ஆகஸ்டில் சந்தாவாகக் கொடுத்த தொகை சைக்கிளின் விலையைத் தாண்டியிருக்கும். 2025 முடிவில் சுமார் 3,509 டாலர், வரி தனி. இதற்கிடையே சைக்கிளின் விலை எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் புதிய சைக்கிளே 1,895 டாலருக்கு இறங்கியது, 2021 ஆகஸ்டில் 1,495. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது. என்ன, சுண்டைக்காயே இங்கே கொஞ்சம் விலை கூடினது.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. வாரம் மூன்று முறை ஓட்டுகிறவருக்கு, இன்றைய சந்தாவில் ஒரு வகுப்பு 4 டாலருக்கும் குறைவாகத்தான் அடங்கும். நியூயார்க்கில் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு வகுப்பில் உட்கார 30 டாலருக்கு மேல் ஆகும். ஒரே சந்தாவில் வீட்டிலுள்ள எல்லோரும் ஓட்டலாம் என்பதால் இருவர் ஓட்டினால் செலவு பாதி. மாதம் ஒருமுறை ஏறுகிறவருக்கு அதே வகுப்பு 50 டாலர். ஆக, சந்தா விலை அதிகமா குறைவா என்பதற்குப் பதில் நம் காலில்தான் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் ஒரு சந்தாவுக்கு மாதம் சராசரி 24.7 பயிற்சிகள் நடந்ததாகப் பெலோட்டன் கணக்குக் காட்டியது. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் கிடந்த காலம் அது. அந்த உச்சத்தை வைத்து வாழ்நாள் கணக்குப் போட்டவர்களில் வாங்கியவர்களும் உண்டு, நிறுவனத்தை நடத்தியவர்களும் உண்டு. அந்தக் காலாண்டில் மாதம் 0.52 சதவீதமாக இருந்த சந்தா விலகல், 2024-இன் அதே காலாண்டில் 1.9 ஆகியிருந்தது. நியூ ஜெர்சி வீடுகளின் பேஸ்மென்டில் புடவையும் ஜீன்ஸும் உலரும் சைக்கிள்கள் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன என்று யாரும் எண்ணிச் சொல்லப்போவதில்லை. அவற்றில் சிலவற்றுக்கு இன்னமும் சந்தா போய்க்கொண்டிருக்கும்.

சந்தா கட்டுகிறவர் எதை வாங்குகிறார் என்பதும் பார்க்க வேண்டியது. பதிவு செய்த ஆயிரக்கணக்கான வகுப்புகள் என்றுதான் விளம்பரம். அந்த நூலகம் நிலையானதில்லை. 2019 மார்ச்சில் இசை வெளியீட்டாளர்கள், உரிமம் இல்லாமல் பாடல்களைப் பயன்படுத்தியதாகப் பெலோட்டன்மீது வழக்குப் போட்டார்கள். உடனே அந்தப் பாடல்கள் இடம்பெற்ற வகுப்புகள் பட்டியலிலிருந்து மறைந்தன. 2020 பிப்ரவரியில் வழக்கு சமரசமானது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வகுப்பை, அந்தப் பாட்டு ஏறும் இடத்தில் எழுந்து நின்று மிதிப்பதற்காகவே திரும்பத் திரும்பப் போட்டவருக்கு அது போனது போனதுதான். பயிற்றுநர்களும் ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். ஏழு ஆண்டு ஒரு சைக்கிளை வைத்திருப்பவர், தாம் யாருக்காக வாங்கினாரோ அவர் போன பிறகும் அதை ஓட்ட வேண்டியிருக்கும்.

இதைவிட மோசமானது, நம் வீட்டில் நிற்கும் கருவிக்கு இரவோடிரவாகப் புது விதி வருவது. 2021-இல் நார்டிக்டிராக் கருவிகளின் திரையில் சில முறை தட்டினால் உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டுக்குள் நுழையலாம், நெட்ஃபிளிக்ஸ் பார்த்துக்கொண்டே பயிற்சி செய்யலாம் என்று பலர் கண்டுபிடித்தார்கள். நிறுவனம் மென்பொருளைப் புதுப்பித்து அந்த வழியை அடைத்தது. 2025 ஜூலையில் எச்சலான் நிறுவனம் செய்தது இன்னும் ஒருபடி மேல். அதன் சைக்கிள்களையும் மற்றக் கருவிகளையும் பிற செயலிகளோடு இணைத்துத் தரும் மென்பொருளை எழுதியவர் விவரித்தபடி, புதிய புதுப்பிப்புக்குப் பிறகு கருவி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் நிறுவனத்தின் சர்வரைக் கேட்டு ஒரு தற்காலிகச் சாவி வாங்க வேண்டும். இணையம் இல்லையென்றால் வெறுமனே மிதிக்கவும் வழியில்லை என்றார் அவர். பழுதுபார்க்கும் உரிமைக்காக இயங்கும் ஃபுலு என்ற அமைப்பு இந்தப் பூட்டை உடைப்பவருக்கு 20,000 டாலர் பரிசு அறிவித்தது. உடைத்துக் காட்டவும் ஒருவர் வந்தார். ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் மின்னணுப் பூட்டைத் திறக்கும் கருவிகளைப் பரப்புவதைத் தடைசெய்வதால் அவரால் அதை ஊருக்கெல்லாம் கொடுக்க முடியவில்லை. பணம் கொடுத்து வாங்கியவரின் வரவேற்பறையில் நிற்கும் சைக்கிளுக்கு இந்தச் சட்டம் பொருந்துவதை எந்தத் தர்க்கத்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பெலோட்டன் அந்த அளவுக்குப் போகவில்லை. சந்தா இல்லாமலும் அதில் வெறுமனே ஓட்டலாம், வேகமும் ரெசிஸ்டன்ஸும் திரையில் தெரியும். ஆனால் நிறுவனத்தின் உடல்நிலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019 செப்டம்பரில் 29 டாலருக்கு வெளியான பங்கு 2021 ஜனவரியில் 160-ஐத் தாண்டியது, 2024-இல் 5 டாலருக்கும் கீழே கிடந்தது. 2022 பிப்ரவரியில் 2,800 பேரை வேலையிலிருந்து எடுத்தார்கள், ஃபோலியும் தலைமைப் பொறுப்பை விட்டார். மற்றவர்கள் கதை இதற்கு மேல். 2020-இல் 50 கோடி டாலர் கொடுத்து 'மிரர்' என்ற பயிற்சிக் கண்ணாடியை வாங்கிய லுலுலெமன், 2023-இல் அதன் விற்பனையையே நிறுத்தியது.

ஒரு நிறுவனம் விழுந்தும் அதன் சைக்கிள் விழாத உதாரணம் ஒன்று உண்டு. ஷ்வின் ஐசி4 என்ற சைக்கிளை விற்றுவந்த நாட்டிலஸ், போஃப்ளெக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கையோடு 2024 மார்ச்சில் திவாலானது. அதன் சொத்துகளை ஜான்சன் ஹெல்த் டெக் 3.75 கோடி டாலருக்கு வாங்கியது. ஐசி4 வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் காலை எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதில் இருப்பது எண் காட்டும் ஒரு சின்னத் திரை மட்டுமே. வேகத்தையும் வாட்டையும் அது எல்லோருக்கும் பொதுவான புளூடூத் முறையில் வெளியே சொல்லும். கேட்டுக்கொள்வது ஸ்விஃப்ட் செயலியா, பெலோட்டன் செயலியா, பக்கத்து வீட்டுப் பையன் எழுதிய ஒன்றா என்று சைக்கிள் பார்ப்பதில்லை. செயலி பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். டேப்லெட் பழசானால் அதை மட்டும் தூக்கிப் போடலாம். ஃப்ளைவீல் சைக்கிளின் விதியோடு இதை ஒப்பிட்டால், நீண்ட நாளுக்கு வாங்குகிறவர் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. திரையோடு ஒட்டிப் பிறந்த சைக்கிளின் சொகுசு வேறுதான், அதை மறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்ததும் வகுப்பு தயாராக இருக்கும். டேப்லெட்டைத் தேடி, சார்ஜ் பார்த்து, இணைப்புக்குக் காத்திருப்பதற்குள் அன்றைய வைராக்கியம் கரைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொகுசே சந்தாவுக்கு ஈடு.

பெலோட்டன் இந்தியாவில் விற்கப்படுவதில்லை. டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் ஊர் திரும்பும்போது கன்டெய்னரில் போட்டுக் கொண்டுவரலாமா என்று கேட்டால், நான் அங்கேயே விற்றுவிட்டு வரச் சொல்வேன். சர்வீஸ் செய்ய ஆள் கிடையாது, சீட் தண்டு மாற்ற வேண்டுமென்றால் தபாலை எதிர்பார்க்க வேண்டும். சென்னைக் கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கோ இது செகண்ட் ஹேண்ட் வாங்க நல்ல காலம். ஊரடங்கில் வாங்கியவர்கள் கூட்டமாக விற்றுத் தள்ளியதில் விலை சரிந்து கிடக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவில் இப்படிக் கைமாறும் சைக்கிளுக்குப் புதிதாகச் சந்தா எடுக்கும்போது 95 டாலர் தனியாகக் கட்ட வேண்டும் என்று பெலோட்டன் விதித்திருப்பதையும் பேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பார்க்கப் போகும்போது திரையைக் கடைசியாகப் பார்க்கலாம். முதலில் சீட் தண்டு மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். கைப்பிடித் தண்டை முழுக்க உயர்த்தி, சட்டத்துக்குள் மறைந்திருந்த பகுதியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். விற்பவரின் வைஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு, சைக்கிள் என்னென்ன செய்கிறது என்று பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேரம் படிந்தால் பெடல்களை அன்றைக்கே மாற்றிவிடலாம், சாலைச் சைக்கிளுக்கு வரும் அதே மரையளவுதான். வலது பெடல் வழக்கம்போல இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் இறுக்கிவிட்டுக் கிராங்கையே மாற்ற வேண்டிய நிலைக்கு வந்தவர்கள் நிறைய.